ஐயர் சொன்னால் அரிசி வரும்

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் அரிசி இல்லை. இதைத் தஞ்சாவூர்க்காரர் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், திருப்பதியில் மொட்டை இல்லை என்றதுபோல் முறைப்பார். ஆனால் 1780களின் தொடக்கத்தில் நிலைமை அதுதான். மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை சோழநாட்டு வயல்களை மிதித்துத் துவைத்திருந்தது. உயிர் தப்பியவர்கள் கோட்டைக்குள் வந்து நெருக்கியடித்துக்கொண்டு பட்டினி கிடந்தார்கள். விடிந்ததும் தெருவில் செத்துக் கிடந்தவர்களை அள்ளிப்போக வண்டி வந்தது. காவலுக்கு நின்ற சிப்பாய்களுக்கோ துப்பாக்கியைத் தூக்கவே தெம்பில்லை.

வேடிக்கை என்னவென்றால், வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. சுமந்துவர மாடுதான் வேண்டும். மாடும் இருந்தது, ஆனால் மாட்டுக்காரன் வரமாட்டேன் என்றான். அவன் மேல் குற்றமில்லை. முன்பு கொண்டுவந்த நெல்லுக்கே காசு வரவில்லை. அரண்மனை உத்தியோகஸ்தர்கள் நெல்லை உள்ளே வாங்கிக்கொள்வார்கள், காசைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ராஜாவின் முத்திரை போட்ட ஓலையைக் காட்டினாலும் குடியானவன் அதைக் கூரை ஓட்டைக்குத்தான் ஆகும் என்று நினைக்கிற கட்டம்.

அப்போதுதான் ராஜா துளஜா, அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரியிடம் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தார். உங்களையும் எவனும் நம்பவில்லை, என்னையும் எவனும் நம்பவில்லை, அந்தப் பாதிரியாரை நம்புகிறார்களா பார்ப்போம் என்றார். ஓர் அரசன் தன் ராஜ்யத்திலேயே தனக்கு நாணயம் செத்துவிட்டது என்று வாய்விட்டு ஒப்புக்கொண்ட காட்சி நம் சரித்திரத்தில் அதிகம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே துளஜாவை எனக்குப் பிடிக்கும்.

பாதிரியாரின் பெயர் கிறிஸ்தியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ். ஊர்க்காரர்களுக்குச் சுவார்ட்ஸ் ஐயர். தமிழ் புராட்டஸ்டண்டுக் குடும்பங்களில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பது வழக்கம். விவரம் தெரியாத வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டு, ஐயர் வீட்டிலா மீன் குழம்பு என்று மூக்கைத் தடவிக்கொள்வார்கள். நம்முடைய ஐயருக்கு அந்த மீன் குழம்பு வைத்துத் தர வீட்டில் ஐயரம்மாகூட இல்லை. கடைசிவரை பிரம்மச்சாரி.

1726இல் பிராண்டன்பர்க் நாட்டில் சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஹாலே நகரத்தில் படித்தபோதே தமிழ் கற்றுக்கொண்டார். தமிழ் பைபிள் அச்சடிக்கும் வேலைக்கு அங்கே ஆள் தேவைப்பட்டது, சொல்லிக்கொடுக்க இந்தியாவிலிருந்து திரும்பிய பெஞ்சமின் சூல்ட்சே இருந்தார். அதாவது, தஞ்சாவூரைப் பார்க்குமுன்பே ழகரத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்ட ஜெர்மன்காரர். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். நாலே மாதத்தில் தமிழில் பிரசங்கம் செய்தார். கேட்டவர்களுக்கு எவ்வளவு புரிந்தது என்பதை விட்டுவிடுவோம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பிரசங்கமும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் புரிவதில்லை.

பிறகு திருச்சிராப்பள்ளி. அங்கே கோட்டைப் பட்டாளத்துக்குப் பாதிரியார் வேலையும் சேர்ந்துகொண்டது. அதற்காக ஆங்கிலமும் கற்றார். கிழக்கிந்தியக் கம்பெனி அதற்குக் கொடுத்த சம்பளம் ஆண்டுக்கு 100 பவுன். இருப்பிடம், கட்டிலைப் போட்டால் ஆள் நிற்க இடம் மிஞ்சுகிற ஒரு பழைய அறை. சாப்பாடு, நம்மூர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி.

இந்த 100 பவுனை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் அதன் ருசி தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர்களில் முதல்வர் ஆற்காட்டு நவாப் முகமது அலி. கடன் வாங்குவதை ஒரு நுண்கலையாக வளர்த்தவர். கடனை அடைக்கக் கடன், அந்தக் கடனின் வட்டிக்கு இன்னொரு கடன் என்று சேப்பாக்கம் அரண்மனையில் உட்கார்ந்தபடியே சென்னையிலிருந்த பாதி வெள்ளைக்காரர்களைக் கடன்காரர்களாக்கியவர். 1773இல் கம்பெனிப் படையை வாடகைக்கு எடுத்துப் போய்த் தஞ்சாவூரைப் பிடித்தார். பிடித்த கையோடு, அறுவடையாகாத தஞ்சாவூர் நெல்லை அடகு வைத்தார்.

அடகு பிடித்தவர்களில் ஒருவர் பால் பென்பீல்ட். கம்பெனியில் கட்டட வேலை பார்க்க வந்த சாதாரண உத்தியோகஸ்தர். 1776இல் லண்டன் உத்தரவின்படி சென்னை கவர்னர் பிகாட் பிரபு தஞ்சாவூரைத் துளஜாவிடமே திருப்பிக் கொடுத்தபோது பென்பீல்ட் ஓடிவந்தார். நவாபுக்குத் தஞ்சாவூர் வருமானத்தின் பேரில் 1,62,000 பவுன் கொடுத்திருக்கிறேன், தஞ்சாவூர்த் தனியாட்களுக்கு 72,000 பவுன் கொடுத்திருக்கிறேன், என் காசுக்கு வழி என்ன என்றார். மொத்தம் 2,34,000 பவுன். நம் ஐயர் தம் சம்பளத்தில் ஒரு காசுகூடத் தொடாமல் சேர்த்து இந்தத் தொகையை எட்ட 2,340 ஆண்டுகள் ஆகும். 1776இல் கணக்கு முடியவேண்டும் என்றால், கிறிஸ்து பிறப்பதற்கு ஐந்து நூற்றாண்டுக்கும் முன்பே அவர் கிறிஸ்தவப் போதகராக வேலையில் சேர்ந்திருக்க வேண்டும்.

பிகாட் அந்தக் கணக்கை நம்பவில்லை. கவுன்சிலில் இருந்தவர்களில் பலருக்கு நவாபின் கடன் பத்திரங்களில் பங்கு இருந்ததால் அவர்கள் முழுமனதோடு நம்பினார்கள். முடிவு, 1776 ஆகஸ்டில் கவர்னரையே கைதுசெய்து காவலில் வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பிகாட் காவலிலேயே செத்துப்போனார். அடகுக் கடைக்காரர்கள் மாகாண கவர்னரைப் பிடித்து உள்ளே போட்ட அரசாங்கம் அது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கும் போன அரசாங்கம்.

1778இல் புதிய கவர்னராக சர் தாமஸ் ரம்போல்ட் வந்தார். ஹைதர் அலி கோபமாக இருக்கிறார் என்று அவருக்குத் தகவல் வந்தது. கோபத்துக்குக் காரணம் உண்டு. 1769இல் கம்பெனி ஹைதரோடு ஓர் உடன்படிக்கை போட்டது. உனக்கு ஆபத்து என்றால் நான் வருவேன், எனக்கு ஆபத்து என்றால் நீ வா. பிறகு மராட்டியர் ஹைதரை அடித்தபோது கம்பெனி நகத்தைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. 1779 மார்ச்சில், ஹைதர் தன் பாதுகாப்பில் இருப்பதாகச் சொன்ன பிரெஞ்சுத் துறைமுகமான மாஹேயையும் பிடித்துக்கொண்டது. இப்போது அவரைச் சமாதானப்படுத்த ஆள் அனுப்பவேண்டும். சென்னையில் யாரை அனுப்பினாலும் ஹைதர் சிரிப்பார்.

உங்கள் ஆட்கள் எவரும் வேண்டாம், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று ஹைதரே கேட்டதாகப் பக்தி நூல்கள் எழுதி வைத்திருக்கின்றன. அந்த வசனத்தில் ஒரு குத்து இருப்பதைப் பக்தர்கள் கவனிப்பதில்லை. மற்றவர்களும் ஞானஸ்நானம் வாங்கியவர்கள்தானே? கவர்னர், கவுன்சில், பென்பீல்ட் எல்லாரும் கிறிஸ்தவர்கள்தான். ஹைதர் அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் ஆள்தான் பொருந்தினார்.

ஐயர் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, இந்தப் பயணத்தில் எந்தப் பரிசும் என் கையில் ஒட்டாது. வழிச்செலவு மட்டும் போதும். அன்றைய சென்னையில் இதைக் கேட்ட குமாஸ்தாக்களுக்கு ஆளுக்குக் காய்ச்சலோ என்று சந்தேகம் வந்திருக்கும். தூதுப் பயணம் என்றால் முத்துமாலையோடு திரும்புவதுதான் அங்கே முறை.

கரூரில் ஹைதரின் அனுமதிக்குக் காத்திருந்து, மலையேறி ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் சேர்ந்தார். அங்கே கண்டதை ஐயர் எழுதி வைத்திருப்பது சுவையானது. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சென்னைக் கவுன்சிலின் மொத்தப் படிப்பையும் விற்றாலும் வாங்கமுடியாத ஒரு தணிக்கை முறை அவரிடம் இருந்தது. ஒருவனைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொல்வார், அவனையே படிக்கச் சொல்வார். பிறகு வேறொருவனைக் கூப்பிட்டு அதையே படிக்கச் சொல்வார். சொன்னதற்கும் எழுதியதற்கும் இம்மி வித்தியாசம் இருந்தால் எழுதியவன் தலை போகும். வரிப் பணத்தில் கைவைத்த அதிகாரிகளுக்குச் சவுக்கடி. யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவருக்குக் கவலையில்லை, கணக்கு மட்டும் நேராக இருக்கவேண்டும். நான் சின்ன வயதில் போய்வந்த சபை ஒன்றில் கோபுரம் கட்ட நிதி திரட்டினார்கள். கோபுரம் எழும்பவில்லை, பொருளாளர் வீட்டு மாடி எழும்பியது. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கு கேட்டவரை, ஜெபக்குறைவு உள்ளவர் என்று உட்கார வைத்தார்கள். ஹைதரை ஒரு வருடத்துக்கு அந்தச் சபையின் ஆடிட்டராகப் போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஹைதர் ஐயரைத் தன் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார வைத்துப் பேசினார். கம்பெனி செய்த துரோகங்களின் பட்டியலைக் கடிதமாகக் கொடுத்தார். சமாதானத்துக்குக் கை நீட்டினால் நானும் நீட்டுவேன் என்றார். புறப்படும்போது வழிச்செலவுக்கு என்று 300 ரூபாய் முடிப்பைக் கையில் வைத்தார். ஐயர் வேண்டாம் என்றால் அவமரியாதை, வாங்கினால் வாக்கு போகும். கொண்டுவந்து சென்னை அரசாங்கத்திடம் நீட்டினார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற ஓர் ஆளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று அங்கே தலைப்பே இருந்திருக்காது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்க இதை முதலாக வைக்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

தூது என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. ஐயர் ஒரு பக்கம் சமாதானம் பேசிக்கொண்டிருக்க, கம்பெனி மறுபக்கம் குண்டூருக்குப் படை அனுப்பிக்கொண்டிருந்தது. நல்ல மனிதரைத் திண்ணையில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கொல்லைப்புறம் வழியாகப் பானையைத் தூக்குகிற வேலை. யோக்கியர்களின் பெரிய பலவீனம் இதுதான். அயோக்கியர்களுக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. முகமூடி செய்வதைவிட நிஜ முகம் ஒன்றை வாடகைக்கு எடுப்பது மலிவு. 1780 ஏப்ரலில் ரம்போல்ட் மூட்டை முடிச்சோடு கப்பலேறினார். ஜூலையில் ஹைதரின் படை கணவாய்களில் இறங்கியது. 1781இல் லண்டன் இயக்குநர்கள் ரம்போல்டை வேலையை விட்டு நீக்கினார்கள். ஊருக்குப் போய்ச் சேர்ந்தவரை வேலையிலிருந்து நீக்குவது, வெந்த சோற்றுக்கு உலை வைப்பதுபோல.

ஹைதர் ஐயர்மேல் கோபப்படவில்லை. இந்தப் பாதிரியார் எங்கே போனாலும் தடுக்காதே, மரியாதையாக விடு என்று தன் படைக்கு உத்தரவு போட்டார். எரிகிற கிராமங்களுக்கு நடுவே கறுப்புப் பருத்தி அங்கியோடு ஒருவர் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார், இரண்டு தரப்புத் துப்பாக்கியும் அவருக்கு வழிவிட்டது.

இனி அரிசிக்கு வருவோம். ராஜா, எப்படி வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள் என்று ஐயர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தார். ஐயர் கிராமங்களுக்குக் கடிதம் எழுதினார். கொண்டுவந்த நெல்லுக்கும் மாட்டு வாடகைக்கும் என் கையால் காசு தருவேன், அவ்வளவுதான் விஷயம். இரண்டு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்தன. சபை ஆள் ஒருவரைக் கிராமங்களுக்கு அனுப்பினார். வழியில் குதிரைப்படை எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரியாத காலத்தில் ஜனங்கள் ராவும் பகலும் சுமந்து 80,000 கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள். கலத்துக்கு 12 மரக்கால், ஆக 9,60,000 மரக்கால். முத்திரை கிடையாது, ஜாமீன் கிடையாது.

எல்லாம் முடிந்ததும் சொன்னபடி காசைக் கொடுத்தார். கைவசம் பிறர் ஒப்படைத்திருந்த பணத்தையும் போட்டுத்தான் கணக்கைத் தீர்த்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் ஒரு தணிக்கையாளர் புருவத்தை உயர்த்தலாம். ஆனால் அவர் அதை மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. மேலே ஆளுக்குக் கொஞ்சம் இனாமும் கொடுத்து அனுப்பினார்.

போர் முடிந்தும் தஞ்சாவூருக்கு விடியவில்லை. ஹைதர் விட்டுவைத்ததை ராஜாவின் சர்க்கேல், அதாவது முதல் மந்திரி, பாபா வழித்தெடுத்தார். கொடுமை தாங்காமல் 65,000 பேர் ஊரைவிட்டே போனார்கள். நடவுக் காலம் தாண்டிக்கொண்டிருந்தது. ராஜா கூப்பிட்டார், ஒருவரும் வரவில்லை. மறுபடியும் ஐயரைப் பிடித்தார்கள். உங்கள் மேல் கைவைக்க விடமாட்டேன் என்று அவர் சொல்லியனுப்ப, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள், மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். காலம் தவறிப்போயிற்றே என்றபோது, ராப்பகலாக நட்டு ஈடுகட்டுவோம் என்று வயலில் இறங்கினார்கள். தென்னாட்டில் படை நடத்திய கர்னல் புல்லர்ட்டன் என்பவர், ஐரோப்பியர் எல்லாரும் கேடுகெட்டவர்கள் என்ற பழியிலிருந்து அந்த இனத்தின் பெயரை மீட்டது இந்த ஒருவரின் நேர்மைதான் என்ற பொருளில் எழுதினார். ஒரு கண்டத்தின் மானத்தைக் காக்க ஒரே ஓர் ஆள். அவரும் இங்கிலீஷ்காரர் இல்லை.

இவ்வளவு புகழ்ந்தபின் ஐயர் சறுக்கிய இடங்களையும் சொல்லாவிட்டால் நானும் பக்தி நூல் எழுதியவனாகிவிடுவேன்.

1787இல் துளஜா சாகக் கிடந்தார். வாரிசு இல்லை. சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்து, இனி இவன் உங்கள் பிள்ளை என்று ஐயர் கையில் ஒப்படைக்கப் பார்த்தார். ஐயர் பின்வாங்கினார். மாதத்துக்கு ஒருமுறை இருமுறை வந்துபோகிற நான் காவலாக இருந்தால் பையன் வேலியில்லாத தோட்டம்போல ஆகிவிடுவான், உங்கள் தம்பி அமர்சிங்கைப் பாதுகாவலராக்குங்கள் என்றார். நல்லெண்ணம்தான். ஆனால் துளஜா கண்மூடியதும் வேலி பயிரை மேய்ந்தது. தத்து செல்லுமா என்று பண்டிதர்கள் 12 பேரைக் கேட்டார்கள், செல்லாது என்று சாஸ்திரம் சொன்னது. சாஸ்திரத்தைச் சொல்லவைத்தது எது என்று ஊரே பேசிக்கொண்டது. அமர்சிங் சிம்மாசனம் ஏறினார், சரபோஜி படிப்பில்லாமல் அடைபட்டுக் கிடந்தான். தாம் வைத்த வேலியை எடுக்க ஐயர் பட்டபாடு பல வருடம். சென்னைக்குக் கடிதத்தின்மேல் கடிதம் எழுதி, 1793இல் பையனைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அங்கே வேப்பேரியில் கெரிக்கே என்ற போதகரிடம் படிப்பு. பிறகு வேறு பண்டிதர்களைக் கேட்டபோது, அதே சாஸ்திரம் தத்து செல்லும் என்றது.

இன்னொன்று இதைவிடக் கனமானது. காசு விஷயத்தில் ஓர் இம்மி பிசகாத ஐயர், தம் சபையில் சாதி வாரியாகத் தனித்தனியாக உட்கார்ந்ததைப் பார்த்துக்கொண்டுதான் பிரசங்கம் செய்தார். மெதுவாக மாறும் என்று நினைத்தார். 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சாதியை உடனே விடவேண்டும் என்று உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்ச் சபையே இரண்டுபட்டது. சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் இதெல்லாம் கேட்கவில்லையே என்றார்கள் எதிர்த்தவர்கள். ஐயரின் நற்பெயரை அவர் செத்தபிறகும் அடகு வைத்தார்கள், இந்தமுறை சொந்த விசுவாசிகளே.

1798 பிப்ரவரி 13 அன்று ஐயர் காலமானார். மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்து அவருக்குப் பிடித்த ஜெர்மன் பாட்டைச் சுற்றி நின்றவர்கள் பாடத் தொடங்க, இரண்டாம் அடியில் அவரும் சேர்ந்து பாடினார் என்று ஒரு கதை உண்டு. பெட்டியை மூடுமுன் சரபோஜி வந்தார், அழுதார், உடல்மேல் பொன்னாடை போர்த்தினார். சில மாதத்தில் அவருக்குச் சிம்மாசனம் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 1799 அக்டோபரில், கம்பெனி ஓர் உடன்படிக்கையை நீட்டி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். ஐயர் இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? அவரையே தூது அனுப்பியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனால் லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லி ஐயருக்கு ஒரு பளிங்குச் சிலைப்பலகை செய்யவைத்தார், ஐயரின் கல்லறைக் கல்லில் பொறிக்க ஆங்கிலத்தில் தாமே ஒரு பாட்டும் எழுதினார். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகிலிருக்கும் ஐயரின் கோயிலில் அந்தச் சிலைப்பலகை இன்றும் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் கிழவரின் கையை ராஜா பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கம்பெனி சும்மா இருக்குமா? அதுவும் ஒரு பளிங்குச் சின்னம் செய்தது. ஜான் பேகன் என்ற சிற்பியைக் கொண்டு, ஐயரின் நேர்மையை நீளமாகப் புகழ்ந்து எழுதி, சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள் புனித மேரி கோயில் சுவரில் பதித்தது. அதே கோயிலுக்குள்தான் பிகாட் பிரபுவையும் புதைத்தார்கள். பென்பீல்ட் கணக்கை நம்பாத கவர்னர். அவர் கல்லில் அப்போது ஒரு பெயர்கூடப் பொறிக்கவில்லை.